ஒரு இசைத்தட்டு, இரண்டு வம்சம்: கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தை இன்றும் ஏன் பேசுகிறார்கள்?

வாய் பிளந்து, மூக்குத் துவாரங்கள் விரிந்து, கண்கள் ஒரு பக்கமாக மிரண்டு அலறும் ஒரு சிவந்த முகம். இணையத்தில் திரிகிறவர்கள் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். 'ஜோஜோ' மங்கா படித்தவர்களுக்குக் 'கிங் கிரிம்சன்' என்பது ஐந்தாம் பாகத்து வில்லனின் சக்தி. கான்யே வெஸ்ட் ரசிகர்களுக்கு, 2010இல் வந்த 'பவர்' பாட்டின் நடுவே கேட்கும் கரகரத்த குரல். 'சில்ட்ரன் ஆஃப் மென்' படம் பார்த்தவர்களுக்கு, கார் லண்டன் தெருக்களில் போகும்போது பின்னால் விரியும் பெரிய கோரஸ். எல்லாமே ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. 1969 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தில் ஐலண்ட் நிறுவனம் வெளியிட்ட 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' (கிரிம்சன் அரசனின் அவையில்) என்ற ஆல்பம்தான் அது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம்.

இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வாதங்கள் மோதிக்கொள்கின்றன. இதுதான் முதல் ப்ராக் ராக் ஆல்பம் என்பார் ஒருவர். இல்லை, அதற்கு முன்பே பலர் செய்துவிட்டார்கள் என்பார் இன்னொருவர். ப்ராக் ராக் என்பதே வெறும் ஆடம்பரம், அதில் முதல் என்ன கடைசி என்ன என்பார் மூன்றாமவர். புதிதாகக் கேட்க வருகிறவர் குழம்பிப்போவது நியாயம்தான்.

இந்த ஆல்பத்திலிருந்து ஒன்றல்ல, இரண்டு வம்சங்கள் கிளம்பின என்பதைப் புரிந்துகொண்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒன்று கம்பீரத்தின் வழி. மற்றொன்று ஆவேசத்தின் வழி. ப்ராக் ராக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முதல் வழி மட்டுமே. அதனால்தான் வாதங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ப்ராக் ராக் என்றால் என்ன?

1950களின் ராக் அண்ட் ரோல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையிலிருந்து வளர்ந்தது. மூன்று நான்கு கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), நிலையான நான்கெண்ணித் தாளம், மூன்று நிமிடப் பாட்டு, ஆடுவதற்கேற்ற வேகம். ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு கொள்ளும் சிறிய இசைத்தட்டுக்கு இது சரியாகப் பொருந்தியது. பெரிய தட்டான எல்பியில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் இடம் இருந்தாலும், பெரும்பாலும் அதில் தனித்தனிப் பாட்டுகளைத்தான் அடுக்கி விற்றார்கள்.

1960களின் நடுவில் இது மாறத் தொடங்கியது. எல்பி முழுவதையும் ஒரே படைப்பாக நினைக்கும் பழக்கம் வந்தது. பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்ஸ்' 1967இல் அதைப் பெரிய அளவில் நிலைநாட்டியது. அடுத்த சில ஆண்டுகளில், முக்கியமாக இங்கிலாந்தில் வளர்ந்த இசைக்குத்தான் ப்ரோக்ரஸிவ் ராக், சுருக்கமாக ப்ராக், என்று பெயர். அதன் அடையாளங்கள்:

1. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிய வேண்டியதில்லை. பல பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வேறு வேகத்தில், வேறு மனநிலையில் போகலாம்.

2. தாளம் நான்கு எண்ணிக்கையில் நிற்க வேண்டியதில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று மாறலாம்.

3. ப்ளூஸ் மட்டும் மூதாதை அல்ல. ஐரோப்பிய செவ்வியல் இசை, ஜாஸ், தேவாலய இசை, நாட்டுப்புற இசை என்று வேறு இடங்களிலிருந்தும் எடுக்கலாம்.

4. கிட்டார், டிரம்ஸோடு புல்லாங்குழல், சாக்ஸபோன், கீபோர்டு, வாத்தியக் குழுவின் ஒலி எல்லாம் சேரலாம்.

இவற்றில் மூன்றாவதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். நீளமும் தாளக் கணக்கும் அதன் விளைவுகள். செவ்வியல் இசையமைப்பாளர் ஹோல்ஸ்டும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் கேட்டு வளர்ந்த ஒருவர் ராக் வாசித்தால் பாட்டு தானாகவே நீளும், தாளம் தானாகவே மாறும்.

'முதல்' என்ற சண்டை

சரி, இதில் யார் முதல்? தேதிகளை மட்டும் பார்த்தால் கிங் கிரிம்சன் முதல் அல்ல. மூடி ப்ளூஸ் குழு வாத்தியக் குழுவோடு செய்த 'டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' 1967 நவம்பரிலேயே வந்துவிட்டது. தி நைஸ், ப்ரோகல் ஹாரம் இரண்டு குழுக்களும் 1968இல் பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்புகளை வெளியிட்டன. அமெரிக்காவில் ஃபிராங்க் ஸாப்பா 1966இலேயே வேறு ஒரு பாதையைத் திறந்திருந்தார்.

ஆனால் இவற்றில் பலவற்றில் ராக்கும் செவ்வியல் இசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கலக்காது. மூடி ப்ளூஸ் ஆல்பத்தில் வாத்தியக் குழு ஒரு பகுதியை வாசிக்கும், அப்புறம் ராக் குழு ஒரு பாட்டைப் பாடும். கிங் கிரிம்சன் ஆல்பத்தில் அந்தத் தையல் தெரிவதில்லை. ஒரே குழுவின் கையிலிருந்து, ஒரே மூச்சில் எல்லாம் வருகிறது. 'முதல்' என்று சொல்கிறவர்கள் உண்மையில் சொல்ல வருவது இதைத்தான்: ப்ராக் என்ற வடிவம் முழுமையாகக் கூடிவந்த முதல் ஆல்பம்.

ஒன்பதே மாதம்

மைக்கேல் ஜைல்ஸ், பீட்டர் ஜைல்ஸ் என்ற சகோதரர்கள் இங்கிலாந்தின் தென்கரையில், போர்ன்மத் பகுதியில் இசைத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் வாசிக்கவும் பாடவும் தெரிந்த ஒருவர் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். வந்து சேர்ந்தவர் ராபர்ட் ஃப்ரிப். அவருக்கு ஆர்கனும் வராது, பாட்டும் வராது, கிட்டார் மட்டும்தான். இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். 'ஜைல்ஸ், ஜைல்ஸ் அண்ட் ஃப்ரிப்' என்ற பெயரில் 1968இல் ஒரு ஆல்பம் வந்தது, விற்கவில்லை.

அடுத்து இயன் மெக்டொனால்ட் வந்தார். இளவயதில் ராணுவ வாத்தியக் குழுவில் ஐந்து ஆண்டு பயிற்சி பெற்றவர். சாக்ஸபோன், புல்லாங்குழல், கீபோர்டு எல்லாம் அவர் கையில். அவர் மூலம் பாடலாசிரியர் பீட்டர் சின்ஃபீல்ட் உள்ளே வந்தார். குழுவுக்குப் பெயர் வைத்தவரும், மேடை விளக்குகளை இயக்கியவரும் அவரே. பீட்டர் ஜைல்ஸ் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் கிரெக் லேக். ஃப்ரிப்பும் லேக்கும் சிறுவயதில் டான் ஸ்ட்ரைக் என்ற ஒரே ஆசிரியரிடம் கிட்டார் கற்றவர்கள். கிட்டார் கலைஞரான லேக், இந்தக் குழுவுக்காக, தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாருக்கு மாறினார். அந்த மாற்றத்தின் பலன் ஆல்பத்தில் கேட்கும். பேஸ் பின்னால் ஒதுங்கி நிற்காமல், முன்னே வந்து பேசுகிறது.

1969 ஜனவரி 13 அன்று லண்டனில் ஃபுல்ஹாம் பேலஸ் கஃபேயின் நிலவறையில் ஒத்திகை தொடங்கியது. ஏப்ரல் 9 அன்று ஸ்பீக்ஈஸி கிளப்பில் முதல் கச்சேரி. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், ஸ்டோன்ஸுக்கு முன்பாக மேடையேறும் வாய்ப்பு. ஸ்டோன்ஸின் பழைய உறுப்பினர் பிரையன் ஜோன்ஸ் இறந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. லட்சக்கணக்கில் கூடியிருந்த கூட்டத்தில் பெரும்பாலோர் கிங் கிரிம்சன் என்ற பெயரையே அன்றுதான் கேட்டார்கள். ஆல்பம் கூட வெளிவராத குழுவுக்கு இப்படி ஒரு மேடை கிடைப்பது அபூர்வம்.

ஆல்பத்துக்கு மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கை வைத்து முதலில் முயன்றார்கள், சரிவரவில்லை. கடைசியில் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் தாங்களே தயாரிப்பது என்று முடிவெடுத்தார்கள். முதல் ஆல்பம் போடும் இளைஞர்களிடம் தயாரிப்பை விட்டுவிடுவது அன்று வழக்கமே இல்லை. எட்டு டிராக் (தனித்தனி ஒலிப்பாதை) மட்டுமே கொண்ட டேப்பில், ஏற்கனவே பதிவானவற்றை ஒன்றாகச் சுருக்கி, கிடைத்த இடத்தில் மேலும் மேலும் ஒலிகளை அடுக்கினார்கள். காற்று வாத்தியங்களின் அடுக்குகளில் பெரும்பகுதி மெக்டொனால்டின் உழைப்பு.

மெல்லோட்ரான்: எட்டு விநாடி வாத்தியக் குழு

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் மெல்லோட்ரான். அது என்ன என்று தெரியாமல் ஆல்பம் பிடிபடாது.

பார்க்க ஒரு கனத்த கீபோர்டு போல இருக்கும். உள்ளே சின்தசைசர் கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த டேப் துண்டு. அந்த டேப்பில் வயலின்களோ, புல்லாங்குழலோ, பித்தளை வாத்தியமோ அந்த ஒரு ஸ்வரத்தை நீட்டி வாசித்தது பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப், சுழலும் உருளையோடு ஒட்டி ஓடும், ஒலி வரும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். 1960களின் தொடக்கத்தில் பர்மிங்ஹாம் பகுதியில் இதைத் தயாரித்தார்கள். யோசனை அமெரிக்காவின் ஹாரி சேம்பர்லின் செய்த கருவியிலிருந்து வந்தது.

இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. டேப்பின் நீளம் சுமார் 8 விநாடிதான். அதற்கு மேல் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க முடியாது. அதற்குள் விரலை எடுத்து மாற்ற வேண்டும். அதனால் இதை வாசிப்பவர்கள் மெதுவாக நகரும் கார்டுகளை விரும்பினார்கள். 'எபிடாஃப்' பாட்டின் அந்தக் கனத்த நடை ஓரளவுக்கு இந்தக் கருவியின் குணம்.

2. மோட்டாரின் வேகம் சற்றே ஆடினாலும் சுருதி ஆடும். மின்சாரம் ஏறி இறங்கினாலும், டேப் தேய்ந்தாலும் அப்படித்தான். உண்மையான வயலின் குழுவின் ஒலியாக அது ஒருபோதும் கேட்காது. எங்கோ தொலைவில், பழைய காலத்தில், கொஞ்சம் நடுங்கியபடி ஒரு வாத்தியக் குழு வாசிப்பது போல இருக்கும்.

3. வாத்தியக் குழுவை வாடகைக்கு எடுக்கப் பணமில்லாத ஐந்து பேர், மேடையிலேயே வாத்தியக் குழுவின் ஒலியை எழுப்ப முடிந்தது.

பீட்டில்ஸ் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் தொடக்கத்தில் இதன் புல்லாங்குழல் ஒலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். மூடி ப்ளூஸும் பயன்படுத்தினார்கள். அவர்கள் கையில் அது அழகு சேர்க்கும் கருவி. மெக்டொனால்ட் கையில் அது அச்சம் தரும் கருவியாக மாறியது. நடுங்கும் சுருதியை மறைக்காமல், அதையே பாட்டின் மனநிலையாக ஆக்கினார். ஆல்பத்தின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஐந்து பாட்டு, 44 நிமிடம்

முதல் பாட்டு 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்'. தொடங்கும்போது அரை நிமிடம் போல மெல்லிய, காற்று ஊதுவது போன்ற ஓசை. கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி வைத்தவர்கள் மேல் அப்புறம் ரிஃப் பாய்கிறது. ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் குறுகிய இசைத்தொடர். கிட்டார், பேஸ், சாக்ஸபோன் மூன்றும் ஒன்றாக அதை வாசிக்கின்றன. லேக்கின் குரல் வேண்டுமென்றே சிதைக்கப்பட்டு, உடைந்த ஒலிபெருக்கியில் வருவது போலக் கேட்கிறது. வரிகள் முழு வாக்கியங்கள் கூட அல்ல. வியட்நாம் போரின் நாபாம் தீ, ரத்தம், அரசியல்வாதிகளின் சிதை என்று துண்டு துண்டான காட்சிகள். அந்த ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஃப்ரிப் இந்தப் பாட்டை, அப்போதைய துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூவுக்குச் 'சமர்ப்பணம்' செய்தார்.

இரண்டு சரணம் முடிந்ததும் 'மிரர்ஸ்' என்ற நடுப்பகுதி. வேகம் எகிறுகிறது, தாளம் ஆறு எண்ணிக்கைக்கு மாறுகிறது. கிட்டார் தனி, சாக்ஸபோன் தனி. அப்புறம் வருவதுதான் ராக் உலகம் அதுவரை கேட்டிராத விஷயம். நால்வரும் ஒரே ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் சேர்ந்து வாசிக்கிறார்கள், திடீரென நிற்கிறார்கள், முழு மௌனம், மறுபடி பாய்ச்சல், மறுபடி மௌனம். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடியும்போது மிருதங்கமும் கடமும் ஒரே மூச்சில் வைக்கும் கோர்வையைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சுகம் உடனே புரியும். ஒருவர் இம்மி பிசகினாலும் மொத்தமும் சரிந்துவிடும். மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸ் இங்கே செய்வதைத் தனியாகக் கவனியுங்கள். அடித்து நொறுக்காமல், ஜாஸ் கலைஞரின் லாகவத்தோடு ஒவ்வொரு இடைவெளியையும் கூராக வெட்டுகிறார். கடைசியில் எல்லாம் கட்டறுந்து கூச்சலாகி முடிகிறது.

அந்தக் கூச்சல் அடங்கிய நொடியில் புல்லாங்குழல். 'ஐ டாக் டு தி விண்ட்' ஒரு தாலாட்டின் மென்மையில் போகிறது. தனியாகக் கேட்டால் இனிமையான ஒரு நாட்டுப்புறப் பாட்டு, அவ்வளவுதான். முதல் பாட்டுக்கு அடுத்து வருவதால்தான் அது மருந்தாகிறது. ஆல்பத்தின் முக்கிய உத்தியே இந்த எதிர்நிலைதான். எதுவும் தனித்து நிற்பதில்லை, முன்னால் என்ன வந்தது என்பதை வைத்தே ஒவ்வொன்றும் அர்த்தம் பெறுகிறது.

'எபிடாஃப்' முதல் பக்கத்தை முடிக்கிறது. சுமார் 9 நிமிடம். பெரிய முரசான டிம்பனியின் உருட்டல், அகூஸ்டிக் கிட்டார், அவற்றின் மேல் மெல்லோட்ரானின் வயலின் சுவர். மனித குலத்தின் விதி முட்டாள்களின் கையில் இருக்கிறதே என்ற பயம்தான் பாட்டின் சாரம். லேக் அப்போது 21 வயது இளைஞர். குரலில் அந்த வயது தெரிவதில்லை.

இரண்டாம் பக்கத்தில் 'மூன்சைல்ட்'. 12 நிமிடப் பாட்டில் முதல் இரண்டரை நிமிடம்தான் பாட்டு. மிச்சமெல்லாம் வைப்ரஃபோன் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்), கிட்டார், டிரம்ஸ் மூன்றும் காதுக்கு எட்டாத அளவு மெதுவாக, திட்டமில்லாமல் வாசித்துக்கொண்டு போவது. ஃப்ரிப் ஓரிடத்தில் 'ஓக்லஹோமா' இசைநாடகத்தின் ஒரு மெட்டைக்கூடத் தொட்டுவிட்டுப் போகிறார். ரசிகர்களே தாண்டிவிட்டுப் போகும் பகுதி இது. பத்து நிமிடத்துக்கு அதில் சரக்கு போதாது என்பது என் கருத்தும். ஆனாலும் பின்னால் 1972 முதல் 1974 வரை மேடையில் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிப்பதே இந்தக் குழுவின் உயிர்நாடியாக ஆனது. அதற்கான விதை இங்கேதான் இருக்கிறது.

கடைசியில் தலைப்புப் பாட்டு. மெல்லோட்ரானும் கோரஸும் அலையாக எழும்பும். முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் பொம்மை ஆர்கன் போன்ற ஒரு சின்ன மெட்டு எட்டிப்பார்க்கும், அப்புறம் முழுப்படையும் திரும்பி வரும், வந்த வேகத்தில் வெட்டியது போல நின்றுவிடும். இதைச் சுருக்கி அமெரிக்காவில் சிங்கிளாகவும் வெளியிட்டார்கள்.

ஆல்பம் இங்கிலாந்தில் 5ஆம் இடத்தையும், அமெரிக்காவில் 28ஆம் இடத்தையும் தொட்டது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இதை அமானுஷ்யமான தலைசிறந்த படைப்பு என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சி விளம்பரத்திலும் ஏறியது.

அந்த முகம்

அட்டையை வரைந்தவர் பாரி காட்பர். சின்ஃபீல்டின் நண்பர், கணினித் துறையில் வேலை பார்த்தவர். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்து வரைந்தார். அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ கிடையாது, முகம் மட்டும். கடையில் தட்டுகளைப் புரட்டுகிறவர் கை அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். உள்பக்கம் விரித்தால் சோகமான கண்களோடு புன்னகைக்கும் இன்னொரு முகம். காட்பர் 1970 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார், வயது 24. அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை இதுதான்.

உடைந்த குழு, பிரிந்த வழிகள்

1969 டிசம்பரில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் முடியும் முன்பே, மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகும் முடிவை எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 14 அன்று சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்டில் இந்த ஐவரின் கடைசிக் கச்சேரி. முதல் ஒத்திகையிலிருந்து கணக்கிட்டால் ஒரு வருடம் கூட ஆகவில்லை. லேக்கும் 1970இல் விலகி எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற குழுவைத் தொடங்கினார். மெக்டொனால்ட் 1976இல் ஃபாரினர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இங்கிருந்துதான் இரண்டு வம்சங்களும் பிரிகின்றன.

1. கம்பீரத்தின் வழி. 'எபிடாஃப்', தலைப்புப் பாட்டு இரண்டிலிருந்தும் கிளம்பியது. மெல்லோட்ரான் அலை, நீண்ட கட்டமைப்பு, புராணச் சாயல் கொண்ட வரிகள். ஜெனிசிஸ் குழுவின் 'வாட்சர் ஆஃப் தி ஸ்கைஸ்' 1972இல் மெல்லோட்ரானின் தனிமையான கார்டுகளோடு தொடங்குகிறது. யெஸ் குழு ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுத்தது. எமர்சன், லேக் அண்ட் பாமர் 1971இலேயே 'டார்கஸ்' என்ற படைப்பில் அதையே செய்துவிட்டார்கள். இத்தாலியில் பி.எஃப்.எம். குழு இதே வழியில் வளர்ந்தது. அவர்களின் பாட்டுகளுக்கு ஆங்கில வரிகள் எழுதிக் கொடுத்தவர் சின்ஃபீல்டே. மக்கள் மனதில் 'ப்ராக்' என்று பதிந்த பிம்பம் இந்த வழிதான். 1976, 77இல் எளிமையான, முரட்டு ராக்கை முன்வைத்த பங்க் இளைஞர்கள் எதிர்த்ததும் இதைத்தான்.

2. ஆவேசத்தின் வழி. 'ஸ்கிட்சாய்ட் மேன்' பாட்டிலிருந்து கிளம்பியது. சிதைந்த குரல், கனத்த ரிஃப், கணக்குப் பிசகாத பாய்ச்சல், அரசியல் கோபம். இந்த வழியில் ஆடம்பரத்துக்கு இடமே இல்லை. ஏப்ரில் வைன் 1979இலும், ஓஸி ஆஸ்போர்ன் 2005இலும் இந்தப் பாட்டைத் தங்கள் பாணியில் பாடினார்கள். கனடாவின் வாய்வோட் குழுவும் பாடியது. தாளக் கணக்கையும் கனத்த ஒலியையும் சேர்க்கும் டூல் குழு, 2001இல் தங்கள் சுற்றுப்பயணத்தில் கிங் கிரிம்சனையே தங்களுக்கு முன்பாக மேடையேறும் குழுவாக வாசிக்க வைத்தது. ப்ராக் மெட்டல் என்று இன்று அழைக்கப்படும் இசையின் வேர்களைத் தேடிப் போகிறவர்கள் இந்த ஏழு நிமிடத்தைத் தாண்டிப் போக முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஆள் ஃப்ரிப். குழுவின் பெயரைக் கையில் வைத்திருந்தவர் அவர்தான். கம்பீரத்தின் வழி சந்தையில் சூடுபிடித்த நேரத்தில் அவர் அதைப் படிப்படியாகக் கைவிட்டார். யெஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்ட், புகழின் உச்சத்தில் அந்தக் குழுவை விட்டு 1972இல் கிங் கிரிம்சனுக்கு வந்தார். 1974இல் வந்த 'ரெட்' ஆல்பத்தில் ஆவேசத்தின் வழி முழுமையாகப் பேசுகிறது. அந்த ஆண்டே குழுவைக் கலைத்துவிட்டார். 1977இல் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டில் கேட்கும் நீண்டு நீண்டு ஒலிக்கும் கிட்டார் ஃப்ரிப்புடையது. 1981இல் குழு மறுபடி கூடியபோது மெல்லோட்ரான் இல்லை, அரசவை இல்லை, எதுவும் பழைய சாயலில் இல்லை. தான் தொடங்கிவைத்த பாணியைத் தானே திரும்பச் செய்ய மறுத்ததால்தான், பங்க் காலத்துக்குப் பிறகும் ஃப்ரிப்பின் மதிப்பு குறையவில்லை. 2014 முதல் 2021 வரை வாசித்த கடைசி அணிதான் முதல் ஆல்பத்தின் பாட்டுகளை மேடையில் மறுபடி பெரிதாக எடுத்தது. 2021 டிசம்பரில் டோக்கியோவில் அந்தப் பயணம் முடிந்தது.

எதிர்ப்புக் குரல்கள்

எல்லோரும் இதை ஏற்கவில்லை. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் இதைப் போலி என்று கடுமையான சொல்லால் தூக்கி எறிந்தார், மதிப்பெண்ணும் டி பிளஸ்தான். இந்த எதிர்ப்பை வெறும் ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ராக் இசையின் பலம் அதன் நேரடித்தன்மை, உடம்பை அசைக்கும் தாளம், அதற்குள் இருக்கும் கறுப்பின மரபு. அதை விட்டுவிட்டு ஐரோப்பிய வாத்தியக் குழுவின் பக்கம் நகர்ந்தால் இழப்பு உண்டு என்பது நியாயமான வாதம். சின்ஃபீல்டின் வரிகளில் ராணியும் சூனியக்காரியும் கோமாளியும் கொஞ்சம் அதிகமாகவே நடமாடுகிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் அந்த வாதம் தலைப்புப் பாட்டுக்குத்தான் பொருந்துகிறது. 'ஸ்கிட்சாய்ட் மேன்' பாட்டுக்குப் பொருந்தவில்லை. அதில் கோல்ட்ரேன் கால ஜாஸின் மூச்சு இருக்கிறது, அன்றைய போரின் மேல் நேரடிக் கோபம் இருக்கிறது. ஒரே தட்டின் ஒரு பாதியை வைத்து மறுபாதியை எடைபோட்டதால் வந்த சிக்கல் இது. எதிர்த்தவர்கள் மட்டுமல்ல, கொண்டாடியவர்களிலும் பலர் இதைச் செய்தார்கள்.

இன்று எதைக் கேட்பது?

பல பதிப்புகள் இருப்பதால் இதிலும் குழப்பம் உண்டு. அசல் ஸ்டீரியோ மாஸ்டர் டேப் நெடுங்காலம் காணாமல் கிடந்தது. அதனால் பழைய சிடிக்கள் பல, பிரதியின் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை, மங்கலாகக் கேட்கும். அசல் கிடைத்த பிறகு 2004இல் நல்ல பதிப்பு வந்தது. 2009இல் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர், பதிவு செய்த டிராக்குகளிலிருந்தே புதிதாக மிக்ஸ் செய்தார், அதாவது அவற்றின் ஒலி அளவுகளைச் சமன்செய்து மறுபடி கலந்தார். அதில் ஒவ்வொரு வாத்தியமும் துலக்கமாகப் பிரிந்து கேட்கும்.

இணைய ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு இந்தக் குழு நெடுநாள் வராமலே இருந்தது. ஐம்பதாம் ஆண்டான 2019 ஜூனில்தான் முழுத் தொகுப்பும் ஸ்பாட்டிஃபையில் ஏறியது. உரிமை விஷயத்தில் ஃப்ரிப் எப்போதுமே விட்டுக்கொடுக்காதவர். கான்யே வெஸ்டின் 'பவர்' பாட்டில் எடுத்தாண்ட துணுக்குக்கு ஸ்ட்ரீமிங் வருமானத்தில் உரிய பங்கு வரவில்லை என்று, குழுவின் பதிவு உரிமையை வைத்திருந்த நிறுவனம் 2022இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் யுனிவர்சல் இசை நிறுவனத்தின் மேல் வழக்கு வரை போனது. துணுக்கு எடுத்தவர் அனுமதி வாங்கினாரா என்பதல்ல பிரச்சினை. சிடி காலத்து ஒப்பந்தத்தின் கணக்கு ஸ்ட்ரீமிங்குக்கும் பொருந்துமா என்பதுதான்.

முதல்முறை கேட்கிறவர்கள் 2009 மிக்ஸில் தொடங்கலாம், குறிப்பாக மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸுக்காக. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வில்சன் அதில் 'மூன்சைல்ட்' பாட்டின் நடுப்பகுதியைச் சுமார் மூன்று நிமிடம் குறைத்திருக்கிறார். 1969இல் கேட்டவர்கள் கேட்டது போலவே கேட்க வேண்டும் என்றால் அசல் மிக்ஸ்தான் வேண்டும். ஹெட்ஃபோனில், முதல் பக்கத்தின் மூன்று பாட்டையும் இடையில் நிறுத்தாமல்.